சதுரச் சுருட்டும் ‘மைல்டு’ என்ற சொல்லும்

மட்டாஞ்சேரியில் மிளகைச் சாக்கின் வடிவம் பார்த்து எவரும் விலை பேசுவதில்லை. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பர்; ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு, ஒரு லிட்டர் அளவையில் எத்தனை கிராம் நிற்கிறது என்று கேட்பர். மலபார் கார்பிள்டு முதல் தரம் என்றால் லிட்டருக்கு 550 கிராம் என்பது அவ்வூர்க் கணக்கு. 1957இல் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் யூதத் தெருவில் நடத்திய முன்பேர வணிகத்தின் கூச்சல் முழுவதும் மணியைப் பற்றியதுதான். மூட்டையைப் பற்றியது அன்று. சற்றுத் தள்ளி வில்லிங்டன் தீவில் நடக்கும் தேயிலை ஏலத்திலும் கோப்பையில் ஊற்றிச் சுவைத்துப் பார்த்த பின்னரே விலை எழும்.

இப்படிப்பட்ட ஊரிலும், சுருட்டு என்று வந்துவிட்டால் இந்த அறிவு சட்டென்று விடைபெற்றுக்கொள்கிறது. முதன்முதலாகச் சுருட்டு வாங்க எண்ணுபவர் “மைல்டாக ஏதாவது உண்டா?” என்று கேட்கிறார். அவருக்குக் கிடைக்கும் பரிந்துரையோ பல வேளைகளில் ஒரு வடிவமாக இருக்கிறது: நான்கு பக்கமும் தட்டையாக்கப்பட்ட, ‘பாக்ஸ் பிரெஸ்டு’ எனப்படும் சதுரச் சுருட்டு. கையில் உருளாது, மேசையில் வைத்தால் ஓடாது, வாயில் வைக்க அடக்கமாக இருக்கும், ஆகவே தொடக்கநிலையாளருக்கு ஏற்றது என்கிறார்கள். இதில் முதல் மூன்றும் உண்மை. ‘ஆகவே’ என்ற சொல்லுக்குத்தான் ஆதாரம் இல்லை.

சுருட்டு சதுரமாவது எப்படி என்று பார்த்தால் இது தெளிவாகும். அது உருட்டப்படும்போது உருண்டையாகவே பிறக்கிறது. ஈரப்பதம் சற்றுக் கூடுதலாக இருக்கும் நிலையில் அதைப் பெட்டியில் நெருக்கி அடுக்கி அழுத்துகிறார்கள். அல்லது ஒவ்வொரு சுருட்டுக்கும் இடையே மரச்சட்டம் வைத்து இறுக்குகிறார்கள். நாள்கள் செல்ல, இலை அந்த வடிவிலேயே படிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் இலையின் எடை குறைவதில்லை, வகை மாறுவதில்லை, நிக்கோட்டின் ஒரு துளியும் வெளியேறுவதில்லை. உலகின் பெயர்பெற்ற சதுரச் சுருட்டுகளில் ஒன்றான, நிகராகுவாவில் உருவாகும் பாத்ரோன் 1964 ஆண்டுவிழா வரிசை, மென்மைக்குப் பெயர் போனது அன்று. அதைச் சதுரமாக இருக்கிறதே என்று வெறும் வயிற்றில் பற்றவைக்கும் புதியவர் அரைமணி நேரத்தில் வியர்த்துப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

மென்மை எங்கே இருக்கிறது? இலையில், அதிலும் அந்த இலை செடியில் இருந்த இடத்தில். புகையிலைச் செடியில் நிக்கோட்டின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. உச்சியில் வெயிலை நேராக வாங்கும் இலை தடித்து, எண்ணெய்ப் பசையோடு, வலுவாக இருக்கும். கீழே நிழலில் இருக்கும் இலை மெல்லியது, எளிதாக எரியும், வலுக் குறைந்தது. கியூபா வழி வந்த சுருட்டுத் தொழிலில் உச்சி இலைக்கு லிகேரோ, நடு இலைக்குச் செகோ, அடி இலைக்கு வொலாதோ என்று பெயர். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதி உழவருக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை. பூ வருமுன் நுனியைக் கிள்ளிவிட்டுப் பக்கக் கொழுந்துகளையும் ஒடித்துவிட்டால் எஞ்சிய இலைகளில் ‘காரம் ஏறும்’ என்பது அவர்கள் கைப்பழக்கத்தில் உள்ள அறிவியல். வேடசந்தூரில் 1948இல் சுருட்டுப் புகையிலைக்கென ஆய்வு நிலையம் அமைந்ததும் அந்த மண்ணில் விளையும் உள்ளிலையின் பொருட்டே. மேலே சுற்றும் இலைக்கான ஆய்வு வங்காளத்தின் தின்ஹாட்டாவுக்குப் போனது. ஒரே சுருட்டின் உள்ளுக்கும் புறத்துக்கும் இரண்டு நிலங்கள், இரண்டு காலநிலைகள், இரண்டு ஆய்வு நிலையங்கள்.

புறத்து இலையைப் பற்றி இன்னொரு மயக்கமும் உண்டு. வெளிர்ந்த மஞ்சள் பழுப்பு என்றால் மென்மை, கறுப்பு என்றால் கடுமை என்று நம்புவது. அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் 1900ஐ ஒட்டித் துணிப்பந்தலின் கீழ் புகையிலை வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த நிழல் இலை வெளிறியது, மெல்லியது, மென்சுவை உடையது என்பது உண்மைதான். ஆனால் மேலிலை சுருட்டின் எடையில் சிறு பங்கே. அதற்குள் உச்சி இலையை அடைத்து வைத்திருந்தால் வெளிறிய சட்டை என்ன செய்யும்? மறுபுறம், கறுத்த மேலிலை பல சமயங்களில் நீண்ட நாள் குவித்துப் புழுங்கவைத்ததன் விளைவு. அப்புழுக்கத்தில் அம்மோனியா வெளியேறி, நெடி தணிந்து, இனிப்புச் சாயலும் ஏறுகிறது. நிறம் பார்த்துச் சுருட்டு வாங்குவது தோல் நிறம் பார்த்துக் குணம் சொல்வதைப் போன்றது. இந்த நாட்டில் அந்தப் பழக்கத்துக்குக் குறைவில்லை என்பது வேறு.

இந்தப் பண்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களே நாம்தான் என்பதால் இவ்வளவும் சொல்ல நேர்கிறது. ‘சுருட்டு’ என்ற தமிழ்ச் சொல்லே போர்த்துகீசியரின் வாயில் ‘சருத்து’ எனவும் ஆங்கிலேயரின் வாயில் ‘செரூட்’ எனவும் ஆயிற்று. மட்டாஞ்சேரிக்காரர் மலையாளத்தில் ‘சுருட்டு’ என்பதும் அதே சொல்தான். முதலெழுத்தை மட்டும் வல்லினமாக ஒலிப்பார். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிச் சுருட்டு இலண்டன் வரை அறிமுகமான பொருள். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டுடையது என்று சொல்லிவிடுகிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தின் தொழிற்சாலை ஆங்கிலேய மன்றங்களுக்குச் சுருட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. உறையூரில் உருட்டப்பட்ட சுருட்டுக்கு இருபுறமும் வாய் திறந்திருக்கும், வெட்டுகருவி வேண்டாம். இன்று கண்ணாடிப் பேழையில் இருந்து எடுத்துத் தரப்படும் சதுரச் சுருட்டுக்கு ஒரு முனை தொப்பி போட்டு மூடப்பட்டிருக்கும். அதை வெட்டத் தெரியாமல் பல்லால் கடித்து இலையை அவிழ்த்துவிடுவது புதியவர்களின் வழக்கமான முதல் இழப்பு.

கொச்சிக்கு வந்த இலையோ பெரும்பாலும் புகைப்பதற்கு வந்தது அன்று. 1663இல் கொச்சியும், அதற்கு ஐந்தாண்டு முன்னர் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. 1795இல் இரண்டும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தன. அந்த இடைக்காலத்திலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு மிகப் பெரிய சந்தை மலையாளக் கரை. திருவிதாங்கூர் அரசு அதைத் தன் தனியுரிமையாக வைத்துக் கருவூலத்தை நிரப்பியது. கும்பகோணத்துக்காரரான மாதவ ராவ் திவானாக இருந்த 1860களில்தான் அந்தத் தனியுரிமை நீங்கியது. தென்னை மட்டையும் உரியும் புகைத்துப் பதப்படுத்திய அந்தக் கரிய இலையை மலையாளிகள் வெற்றிலையோடு முறுக்கினர். யாழ்ப்பாணத்திலேயே எஞ்சிய இலை, இனிப்புக் கரைசலான ‘கோடா’ போட்டுச் சுருட்டாகி, இலங்கையின் தென்பகுதி நகரங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகளுக்குப் போயிற்று. கோடாவும், தமிழகத்தில் சிலர் சேர்க்கும் வெல்லநீரும் பழச்சாறும் இலையின் எரிச்சலை நாவுக்குத் தெரியாமல் மறைப்பவை. ‘மைல்டு’ என்று விற்கப்படும் இன்றைய நறுமணச் சுருட்டுகள் பலவற்றின் மூதாதை இதுதான். இனிப்புப் பூசியதால் இலை இளகிவிடுவதில்லை.

வெற்றிலை முறுக்குபவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புகையிலை ‘பிடிக்காது’. சுண்ணாம்பின் காரத்தன்மை வாயில் நிக்கோட்டினை விடுவித்துக் கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்துக்குள் செலுத்துகிறது. விழுங்க வேண்டாம், உள்ளிழுக்கவும் வேண்டாம். சுருட்டுப் புகையிலும் நடப்பது இதுவே. சிகரெட்டுப் புகை அமிலச் சாயல் உடையது; நுரையீரல் வரை போனால்தான் அதன் நிக்கோட்டின் வேகமாக ஏறும். நன்கு புழுங்கிய சுருட்டு இலையின் புகை இயல்பாகவே காரத்தன்மை கொண்டது. வாயில் நிறுத்தி ஊதினாலே போதும், வேலையைச் செய்துவிடும். ‘நான் உள்ளிழுப்பதில்லை, அதனால் தீங்கில்லை’ என்ற பரவலான ஆறுதல் இந்த இடத்தில் உடைகிறது. முன்னரே சிகரெட்டுப் பழக்கம் உள்ளவருக்கோ அந்த ஆறுதலும் இல்லை. பழக்கத்தால் அவர் சுருட்டுப் புகையையும் உள்ளே இழுத்துவிடுகிறார். புகை மென்மையாக இருந்தால் இன்னும் எளிதாக இழுக்கிறார்.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டு ஒன்றில் 5 கிராம் முதல் 17 கிராம் வரை இருக்கலாம். சிலவற்றில் ஒரு முழுப் பெட்டி சிகரெட்டின் அளவு ஒரே சுருட்டில் அடங்கிவிடும். சுருட்டின் தடிமனை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கால் அளக்கிறார்கள். 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். அந்தத் தடிமனில் ஐந்து அங்குல ‘மைல்டு’ சுருட்டு முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை எரியும். கடுமையான இலையில் செய்த சிறு சுருட்டைவிட அது தரும் மொத்தச் சுமை கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே புதியவர் மென்மையைக் கேட்பதற்கு முன் சிறுமையைக் கேட்பது நல்லது: நான்கு அங்குலம், 40ஐ ஒட்டிய தடிமன். சதுரமா உருண்டையா என்பது கைக்குப் பிடித்ததைப் பொறுத்தது. அதில் கருத்துச் சொல்ல எதுவுமில்லை.

இத்தனைக்கும் பிறகு வாங்கியே தீருவேன் என்பவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை வேறு. உள்ளே எந்த நாட்டு இலை, உச்சி இலை கலந்ததா, எவ்வளவு காலம் பழகியது, நறுமணமோ இனிப்போ சேர்த்ததா. பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காமல் திரும்புவதே மட்டாஞ்சேரி மரபுக்கு உகந்தது. பெட்டியில் இந்திய உடல்நல எச்சரிக்கைப் படம் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். 2016 ஏப்ரல் முதல் நாள் தொட்டு அது பெட்டியின் முதன்மைப் பக்கங்களில் 85 விழுக்காட்டை நிரப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சுருட்டு எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது, எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது கொச்சியில் சிறிய செய்தி அன்று. சுருட்டு விரும்பும் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு. இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் கொச்சிக் காற்று 80ஐத் தாண்டி நிற்கும். திறந்து வைத்த சுருட்டு அங்கே உப்பும், பூசணம் பிடிக்கும். இறுக்கி அழுத்தப்பட்ட சதுரச் சுருட்டு உப்பினால் புகை இழுபடாது. இழுபடாததால் புதியவர் பலமாக இழுப்பார். பலமாக இழுத்தால் நுனி சூடேறி, மென்மையான இலையும் நாக்கைச் சுடும். அப்போது அவர் இலையைக் குறை கூறுவார், குற்றம் மழையுடையது. மஞ்சள், சுக்கு மூட்டைகளைத் துளைக்கும் அதே சிறு பழுப்பு வண்டுதான் புகையிலையையும் துளைக்கிறது. நறுமணக் கிடங்குகள் நெருங்கிய தெருவில், ஆண்டு முழுதும் வெப்பம் குறையாத ஊரில், சுருட்டில் குண்டூசி அளவு துளை தெரிந்தால் அதை வாங்க வேண்டாம். ஒன்றை மட்டும் வாங்கி, வாங்கிய அன்றே முடித்துக்கொள்வது, பெட்டியாக வாங்கி அலமாரியில் வைப்பதைவிட அறிவுடைமை. வயிற்றில் உணவு இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் வேண்டாம். தலை கிறுகிறுத்தால் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பாதியில் அணைப்பது அவமானம் என்று நினைப்பவர்களால்தான் முதல் சுருட்டுக் கதைகள் பலவும் குமட்டலில் முடிகின்றன.

பிடிக்க இடம் எது என்பதும் கொச்சியில் சட்டக் கேள்வி. பொது இடங்களில் புகைப்பது தண்டனைக்குரியது என்று இந்தியாவிலேயே முதலில் அறிவித்த உயர் நீதிமன்றம், மட்டாஞ்சேரியில் இருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம். 1999 ஜூலை 12ஆம் நாள் அத்தீர்ப்பை வழங்கிய அமர்வில் இருந்த இருவருள் ஒருவர் தமிழரான நீதியரசர் ஏ.ஆர். இலட்சுமணன். 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. 2003இல் சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பதும், கல்வி நிலையத்துக்கு 100 கெஜத்துக்குள் விற்பதும் அச்சட்டப்படி குற்றம். பள்ளிகளும் மதரசாக்களும் இவ்வளவு நெருங்கிய மட்டாஞ்சேரியில் அந்த 100 கெஜத்தை அளந்து பார்த்தால், சட்டப்படி சுருட்டு விற்க எஞ்சும் இடம் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

‘மைல்டு’ என்ற சொல்லுக்கும் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. இந்தியா 2004இல் ஏற்புறுதி செய்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, அதன் 11ஆம் பிரிவில், நுகர்வோரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் சொற்களுக்கு எடுத்துக்காட்டாக ‘லைட்டு’ என்பதோடு ‘மைல்டு’ என்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சுவையைக் குறிக்கும் சொல்லைப் பாதுகாப்பைக் குறிக்கும் சொல்லாக வாங்குபவர் கேட்டுக்கொள்கிறார். விற்பவர் அதைத் திருத்துவதில்லை. தேநீரில் மென்மை என்றால் மென்மைதான். இங்கே அது நாவின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது.

இதைச் சொல்ல வெளிநாட்டு ஆய்வுகளைத் தேட வேண்டியதில்லை. 1977-78இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆய்வுப் பிரிவினர் மூன்று மாவட்டங்களில் 36,000க்கும் மேற்பட்ட புகையிலைப் பழக்கத்தினரின் வாயைப் பரிசோதித்து, பழக்கத்தை விடுமாறு எடுத்துச் சொல்லி, ஆண்டுதோறும் திரும்பிச் சென்று பார்த்தனர். அம்மூன்றில் ஒன்று எர்ணாகுளம் மாவட்டம். இன்னொன்று ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம். சுருட்டை அங்கே ‘சுட்டா’ என்பர். எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. சொன்னதைக் கேட்டு விட்டவர்களும் குறைத்தவர்களும் கணிசமாக இருந்தனர். வாய்ப் புற்றுநோய்க்கு முன்னோடியான வெண்படலம் புதிதாகத் தோன்றுவதும் குறைந்தது. 1986இல் இதன் முடிவுகள் லான்செட் இதழில் வெளிவந்தன. பின்னர்த் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய மற்றொரு பேராய்வு, பயிற்சி பெற்ற ஊழியர்கள் விளக்கொளியில் வாயைப் பார்த்தாலே புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்க முடியும் என்று காட்டியது.

தொடங்காதிருப்பதே சிறந்த தேர்வு என்பதை மறைத்துக்கொண்டு சுருட்டுப் பரிந்துரை எழுதுவது நேர்மையன்று. தொடங்கிவிட்டவருக்கு வடிவத்தையும் நிறத்தையும் பற்றிய அறிவுரையைவிடப் பயன்படுவது ஒரு கண்ணாடியும் ஒரு கைவிளக்கும். மாதம் ஒருமுறை உள்கன்னம், நாவின் ஓரங்கள், நாவின் அடி, அண்ணம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். வெண்மையாகவோ செம்மையாகவோ படலம் தெரிந்தால், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், வலி இல்லையே என்று காத்திராமல் பல் மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்கத்தில் அது வலிப்பதில்லை.